ஒரே வண்டியில் போன இருவர்

ரிம்மா யெகோரவ்னா யாரையும் எளிதில் நம்பமாட்டார். ரொட்டிக் கடையில் எடைக்கல்லை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். தபால்காரி கொண்டுவரும் செய்தித்தாளை யாராவது முன்னமே பிரித்துப் படித்திருக்கிறார்களா என்று மடிப்பைத் தடவிப் பார்ப்பார். எங்கள் வெர்ஹ்னி யார் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஓடும் பேருந்துகளில் அவர் நெடுங்காலம் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அந்த வேலை அவரை அப்படி ஆக்கியது என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்படிப்பட்டவர் என்பதால்தான் அந்த வேலை அவருக்குப் பொருந்தியது.

அவருடைய கணவர் நல்ல டிராக்டர் மெக்கானிக். ஒரு நாள் அவர் சட்டைப் பையில் அறிமுகமில்லாத சாவி ஒன்று இருந்தது. அது பட்டறைப் பூட்டின் சாவி என்பது தெரியவருவதற்குள் அந்த மனிதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் பெர்ம் நகரில் இருந்தாள். அவள் தொலைபேசியில் கூப்பிட்டால், "யாரு பக்கத்துல நிக்கிறாங்க?" என்றுதான் ரிம்மா பேச்சைத் தொடங்குவார்.

நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குக் கணினி வந்த மறு வருடம், 2009 பிப்ரவரியில், பனி மிதித்த காலணியை வாசலில் தட்டிவிட்டு அவர் உள்ளே வந்தார்.

"லாரிசா, போர்ல செத்தவங்க பேரெல்லாம் இந்தப் பெட்டியில இருக்காமே?"

"இருக்கு ரிம்மா யெகோரவ்னா. பேரைப் போட்டாத் தேடித் தரும்."

"நான் யாரைத் தேடுறேன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அதுவே ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்பளிச் சால்வையைக் கழற்றித் திரையின் ஒரு பக்கத்தில் திரைச்சீலை மாதிரித் தொங்கவிட்டார்.

அவர் யாரைத் தேடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய தந்தை யெகோர் ஜிர்யானவ் 1941 இலையுதிர்காலத்தில் போருக்குப் போனார். பக்கத்து வீட்டு த்ரோஃபிம் லுச்சீனினும் அதே குதிரை வண்டியில் ஏறினார். இருவரும் ஒரே படைப்பிரிவு. அடுத்த கோடைக்குப் பிறகு இரண்டு பேரிடமிருந்தும் கடிதம் நின்றுபோனது. போர் முடிந்ததும் லுச்சீனின் வீட்டுக்குப் "போரில் உயிர்நீத்தார்" என்று தாள் வந்தது. ஜிர்யானவ் வீட்டுக்கு வந்ததோ "தகவலின்றிக் காணாமல் போனார்" என்ற தாள்.

அந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எங்கள் தலைமுறை வரைக்கும் தெரியும். உயிர்நீத்தவனின் மனைவிக்கு உதவிப் பணம், பிள்ளைகளுக்கு மரியாதை, ஊர்ப் போர் நினைவுத் தூணில் பெயர். காணாமல் போனவன் கதை வேறு. அவன் எங்கே போனான்? எதிரியிடம் போனானா? பள்ளி விட்டு வீடு வந்ததும் த்ரோஃபிமின் மகள் கபிதலீனா, ரிம்மாவைவிட இரண்டு வயது பெரியவள், தங்கள் வீட்டு விறகு அடுக்கின்மேல் ஏறி நின்று கத்துவாளாம்: "உங்கப்பன் கையைத் தூக்கிட்டுப் போனவன்!" பதினேழு வயதில் நகரத்தில் விமானப் பொறியியல் படிக்க ரிம்மா விண்ணப்பித்தபோதும், உறவினரில் கைதியானவரோ காணாமல் போனவரோ உண்டா என்ற கேள்விக்கு உண்மையைத்தான் எழுதினார். இடம் கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. எங்கள் ஊரில் மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் தந்தையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். யெகோரின் மகள், யெகோரவ்னா. அவரை மதித்தவர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள், பின்னால் கிசுகிசுத்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

முதல் நாள் தேடலில் ஒரே ஒரு பதிவுதான் கிடைத்தது. போருக்குப் பின் ராணுவ அலுவலகத்தார் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியலின் படம் அது. ஜிர்யானவ் என்ற வரியில் "காணாமல் போனார்". சில வரிகள் தள்ளி லுச்சீனின், "உயிர்நீத்தார்". ரிம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகே போனார்.

"ஒரே வண்டி. ஒரே படை. ஒரே மாசம் கடுதாசி நின்னுபோச்சு. ஒருத்தன் செத்தது மட்டும் இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"யாராவது பார்த்தவங்க சொல்லியிருப்பாங்க."

"யாரு? அதைத்தான் கேக்கறேன்."

பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். தந்தையின் பெயரை எத்தனை முறை போட்டாலும் அதே வரிதான் வந்தது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். மாஸ்கோவில் அழித்தார்களா, இங்கேயே அழித்தார்களா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். நான் டீ போடப் போனால், திரும்பி வரும்வரை விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

கைதி முகாம்களின் அட்டைகளை ஜெர்மானியர்கள்தான் எழுதினார்கள் என்றும், ரஷ்யப் பெயர்கள் அதில் குளறுபடியாக இருக்கும் என்றும் நான் எங்கோ படித்திருந்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கைதி என்ற சொல்லை அந்த வீட்டாரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் விசைப்பலகையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அப்படித்தான் நினைச்சியா இவ்வளவு நாளும்?"

"இல்லைங்க. தேடிப் பார்க்கலாமேன்னுதான்..."

சட்டென்று அவர் திரும்பிக்கொண்டார். "சரி. ஜெர்மன்காரன் காதுல எப்படி விழுந்திருக்கும்? சொல்லிப் பாரு."

அன்று நூலகத்தில் வேடிக்கைதான். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயரைப் பல் வலிக்காரன் மாதிரியும், ஜலதோஷக்காரன் மாதிரியும், உதட்டைக் குவித்தும் விரித்தும் சொல்லிப் பார்த்தோம். தோட்டக்கலைப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் இரண்டு முறை இருமிவிட்டு எழுந்து போனார். ஒவ்வொன்றையும் தட்டினோம். ஜிரினோவ், சிர்யாநோவ், சேரனோவ். கடைசியில் "சிரானோவ், யெகோர்" என்று போட்டபோது ஒரு பதிவு வந்தது. பிறந்த வருடம் சரி. பிறந்த ஊர் "வெர்ச்னேயார்" என்று இருந்தது.

அட்டை மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் மேல்விளிம்பு, பிறகு கைரேகை, பிறகு புகைப்படம். மொட்டையடித்த, கன்னம் ஒட்டிய ஒரு மனிதர், மார்புக்கு முன்னால் எண் எழுதிய பலகையைப் பிடித்திருந்தார்.

நான் அழுதுவிட்டேன். ரிம்மா அழவில்லை.

"இது எங்கப்பான்னு எப்படி நம்புறது?"

வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இருந்ததில்லை. ரிம்மா எழுந்து தலைத்துணியை அவிழ்த்தார். ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். திரும்ப வந்து திரையைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். அவருடைய காது மடல் கீழே தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியே இறங்கும். படத்தில் இருந்தவருக்கும் அப்படித்தான்.

"காது எங்களோடதுதான்" என்றார். பிறகு உட்கார்ந்து, "படி" என்றார்.

நான் படித்தேன். 1942 ஜூலையில் டான் ஆற்றுக்கு அருகே பிடிபட்டவர். இடது தொடையில் குண்டுக் காயம். ஜெர்மனியின் சாக்சனியில் ஒரு முகாம். அதே வருடம் டிசம்பரில் மரணம்.

"தொடையில குண்டு பட்டவன் எப்படிடி கையைத் தூக்கிட்டு நடந்து போவான்?" என்று என்னைக் கேட்டார். நான்தான் விறகு அடுக்கின்மேல் நின்று கத்தியவள் என்பது போல இருந்தது அந்தக் கேள்வி.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப அவனைத் தேடு" என்றார்.

"யாரை?"

"காபாவோட அப்பனை. த்ரோஃபிமை."

எனக்குக் கை வரவில்லை. காபா என்று ரிம்மா சொல்லும் கபிதலீனா த்ரோஃபிமவ்னா எங்கள் ஊரின் பெரிய மனுஷி. முன்னாள் தலைமையாசிரியை. போர் வெற்றி நாளான மே ஒன்பதாம் தேதி ஒவ்வொரு வருடமும் தூணுக்கு முன்னால் மேடை ஏறி, உயிர்நீத்தவர்களின் பிள்ளைகள் சார்பில் பேசுவது அவர்தான். நான் தயங்குவதைப் பார்த்து ரிம்மா, "என்ன, காபா உனக்கு எத்தனை ஜாடி ஜாம் குடுத்தா?" என்றார்.

தேடினேன். அந்தப் பெயரை அவ்வளவு சிரமப்பட்டுத் திரிக்க வேண்டியிருக்கவில்லை. த்ரோஃபிம் லுச்சீனின், அதே நாள், அதே இடத்தில் பிடிபட்டவர். அதே முகாம். முகாம் எண் ஜிர்யானவின் எண்ணுக்கு அடுத்தது. வரிசையில் இவருக்குப் பின்னால் அவர் நின்றிருக்கிறார். இறந்தது மறு பிப்ரவரியில்.

ரிம்மா இரண்டு அட்டைகளையும் அச்செடுக்கச் சொன்னார். மடிக்காமல் பைக்குள் வைத்தார்.

"தெரிஞ்சிருக்கு. அவங்கம்மா பெலகேயாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பொய் சொல்லித் தாளை வாங்கிக்கிட்டு, ஊர் தங்களைப் பார்க்காம இருக்க எங்க பக்கம் விரலைக் காட்டியிருக்கா. மே ஒன்பது வரட்டும். காபா மேடை ஏறட்டும். எல்லாருக்கும் முன்னாடி இதைக் காட்டுறேன்."

"வேண்டாம் ரிம்மா யெகோரவ்னா. அவங்களுக்கும் அப்பா அப்பாதானே."

"எனக்கும்தான் அப்பா. அப்ப யாரு 'வேண்டாம்'னு சொன்னா?"

ஆனால் விழாவுக்குச் சில நாள் முன்பு அவரே நூலகத்துக்கு வந்து, "கிளம்பு, அவ வீட்டுக்குப் போறோம்" என்றார். எனக்காக மனம் மாறவில்லை. கபிதலீனா முன்னமே விஷயத்தை மோப்பம் பிடித்து மேடைக்கு வராமல் ஒளிந்துகொள்வாரோ என்ற சந்தேகம்தான் காரணம். நான் எதற்கு? "தனியாப் போனா, திருட வந்தேன்னு சொல்லிடுவா. நீ சாட்சி."

கபிதலீனா தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. படலையும் திறக்கவில்லை.

"என்ன ரிம்கா, கட்சி கட்டிக்கிட்டு வந்திருக்கே?"

"இதைப் பாரு" என்று ரிம்மா படலுக்கு மேலாகத் தாளை நீட்டினார்.

கபிதலீனா மண் ஒட்டிய கையை மேலங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார். கையை எட்ட நீட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல என்ன வேணா வரையலாம்."

"வரையத் தெரிஞ்சிருந்தா உன்னைத்தான் வரைஞ்சிருப்பேன், விறகு மேல நிக்கிற மாதிரி. உங்கப்பன் மூக்கைப் பாருடி. உன் மூக்கு."

கபிதலீனா பார்த்தார். வாய் கோணியது. அந்தப் பக்கம் கிடந்த கவிழ்த்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, படத்தில் இருந்த மனிதரின் தலையை, மயிர் இல்லாத அந்தத் தலையை, விரலால் தடவினார்.

"ஆக உனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார் கபிதலீனா. "இத்தனை வருஷமா நீ நேரம் பார்த்துக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். பஸ்ல நீ டிக்கெட் கேக்கறப்பல்லாம், இன்னைக்குத்தான் கேக்கப் போறா, இன்னைக்குத்தான்னு தலையைக் குனிஞ்சுக்குவேன்."

"என்ன கேக்கப் போறேன்? என்ன உளர்றே?"

"நடிக்காதே ரிம்கா. உங்கம்மா சொல்லாமலா இருப்பா?"

"எங்கம்மா என்ன சொல்லணும்?"

கபிதலீனா தலையைத் தூக்கிப் பார்த்தார். ரிம்மாவின் முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ, குரல் மாறிவிட்டது.

"கடவுளே. சொல்லவே இல்லையா?"

அவர் சொன்னது இதுதான். போர் முடிந்து கணக்கெடுப்பு வந்தபோது, இரண்டு வீட்டுக்கும் "காணாமல் போனார்" என்றுதான் எழுதியிருந்தார்கள். பெலகேயாவுக்கு நான்கு பிள்ளைகள், கடைசிக் குழந்தை சோகை பிடித்துக் கிடந்தது. அவரும் ரிம்மாவின் தாய் உலியானாவும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மற்றவளின் கணவனுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். என் புருஷன் கடைசிக் கடிதத்தில் உன் புருஷன் செத்ததைப் பார்த்ததாக எழுதியிருந்தான், கடிதம் தொலைந்துவிட்டது என்று. முதலில் உலியானா போனார். ராணுவ அலுவலகத்தில் சத்தியம் செய்தார். த்ரோஃபிமின் பெயருக்கு நேரே "உயிர்நீத்தார்" என்று மாற்றி எழுதினார்கள்.

"மறுவாரம் எங்கம்மா போகணும். போனா. அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, 'போன வாரம் ஜிர்யானவ் பொண்டாட்டி வந்தா, இந்த வாரம் நீயா? அடுத்தடுத்த வீடா? கடுதாசி உனக்கும் தொலைஞ்சுபோச்சா?'ன்னு கேட்டானாம். அம்மா பயந்துட்டா. இல்லைங்க, வேற வேலையா வந்தேன்னு சொல்லித் திரும்பி வந்துட்டா. மறுபடி போகவே இல்லை."

ரிம்மா படலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் போகாதேன்னு எங்களுக்குச் சொன்னா. அவங்கப்பன் கையைத் தூக்கிட்டுப் போனவன்னு அவதான் சொல்லிக் குடுத்தா. நான் பத்து வயசுப் பொண்ணு, நம்பினேன், கத்தினேன். சாகக் கிடக்கறப்பதான் உண்மையைச் சொன்னா. அதுக்கப்புறம் உன்னைப் பார்த்தாலே எனக்குப் பயம். பயந்தவ எப்படிச் சிரிச்சுப் பேசுவா?"

"பொய்" என்றார் ரிம்மா. "செத்தவங்க மேல பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறே."

"சரி, பொய்னே வெச்சுக்கோ. மே ஒன்பது மேடையில வந்து சொல்லு. நான் ஓடமாட்டேன்."

திரும்பி வரும் வழியில் ரிம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். தேவாலயத்துக்குப் பக்கத்து மேட்டில் ஏறும்போது நின்றார். மூச்சு வாங்கியது.

"ஒவ்வொரு அறுவடைக்கும் எங்க வாசல்ல ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருக்கும்" என்றார். "யாரு வெச்சான்னு கேட்டா அம்மா பதில் சொல்லமாட்டா. ஒரு வருஷம் நான் ஒளிஞ்சு பார்த்தேன். பெலகேயா. இறக்கி வெச்சுட்டு ஓட்டமா ஓடுறா. அம்மா கையில ஏதோ பிடி இருக்கு, அதைக் காட்டி மிரட்டி வாங்குறான்னு நினைச்சேன். எங்கம்மாவை, லாரிசா, பெத்தவளை அப்படி நினைச்சேன்."

விறகு அடுக்கின்மேல் நின்று அந்தப் பெண் கத்தும்போதெல்லாம் தாய் சமையலறை ஜன்னலுக்குள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாராம். ஒரு வார்த்தையில் அவள் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நான்கு குழந்தைகளின் ரொட்டி போய்விடும், பொய்ச் சாட்சிக்குத் தானும் உள்ளே போக வேண்டும். "அவ பேசாம இருந்ததைப் பார்த்து, அப்பா நிஜமாவே ஏதோ செஞ்சிருக்காருன்னு எனக்கே சந்தேகம் இருந்துது" என்றார் ரிம்மா. அன்றைக்குத்தான் அவர் அழுததை நான் பார்த்தேன். அழுதுகொண்டே, "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே" என்று மிரட்டினார்.

மே ஒன்பதாம் தேதி ரிம்மா பையோடு முதல் வரிசையில் நின்றார். கபிதலீனா மேடை ஏறினார், ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்புள்ள ஊர் மக்களே" என்றார். ரிம்மாவைப் பார்த்தார். பிறகு, "இந்த வருஷம் என்னால பேச முடியலை" என்று சொல்லி இறங்கிவிட்டார். ரிம்மா பையைத் திறக்கவே இல்லை. ரத்த அழுத்தம் என்றார்கள் சிலர். ஏதோ நடந்திருக்கிறது என்று மற்றவர்கள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்தக் கோடையில் ரிம்மா தந்தையின் பெயரைத் தூணில் சேர்க்கக் கேட்டு மனுக் கொடுத்தார். ஊர்த் தலைவர் கெனாடி வாலெர்யேவிச் அட்டையின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைதியா இருந்தவரு... முகாம்ல என்ன செஞ்சாருன்னு நமக்குத் தெரியாது. நாளைக்கு ஏதாவது வெளிய வந்தா?" என்றார். முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். எல்லோரும் ஜன்னலையோ மேசையையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த கபிதலீனா எழுந்தார்.

"நான் சாட்சி சொல்றேன்."

"நீங்க அப்பச் சின்னக் குழந்தை, கபிதலீனா த்ரோஃபிமவ்னா. நீங்க என்ன பார்த்தீங்க?"

"எங்கம்மா சொல்லியிருக்க வேண்டிய சாட்சி. அவ சொல்லலை. நான் சொல்றேன்."

சொன்னார். தன் தந்தையின் அட்டையையும் மேசைமேல் வைத்தார். பெலகேயாவின் பொய்யையும், உலியானாவின் பொய்யையும், விறகு அடுக்கையும் சேர்த்துச் சொன்னார். "ஜிர்யானவ் பேரை வைக்கக்கூடாதுன்னா, எங்கப்பா பேரையும் செதுக்கி எடுத்துடுங்க. ரெண்டு பேரும் ஒரே வரிசையிலதான் நின்னாங்க."

யாரும் எதையும் செதுக்கி எடுக்கவில்லை. மறு வருடம் யெகோர் ஜிர்யானவின் பெயர் கல்லில் ஏறியது. அகரவரிசையில் இடமில்லாததால் எல்லாப் பெயர்களுக்கும் கீழே. கல் வெட்டுகிறவர் எழுத்துப் பிழை விட்டுவிடுவார் என்று ரிம்மா முக்காலி போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

இருவரும் தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் அது நான் கட்டிய கதையாகிவிடும். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதே ரிம்மா என் காதில், "எதுக்கு இப்படிப் பேசினா? சாகறதுக்கு முன்னாடி நல்ல பேர் வாங்கிக்கவா?" என்றார். கபிதலீனா பிறந்தநாளுக்கு அனுப்பிய முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட பிரோக் ரொட்டியை முதலில் பூனைக்கு வைத்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். மறுநாள் அவரே காலித் தட்டைக் கழுவித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார், "உப்புப் போதாது" என்ற சேதியோடு.

அதன் பிறகு ரிம்மா நூலகத்தை விடவில்லை. சுற்று வட்டார ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பெயரைத் திரித்துத் தேடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் யாருக்கும் உடனே தேடித் தரமாட்டார். எதிரே உட்கார வைத்து, "எதுக்கு இப்பத் தேடுறே? இத்தனை வருஷம் என்ன செஞ்சே? வீட்டுல யாருக்குத் தெரியும்?" என்று குறுக்கு விசாரணை செய்வார். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்தவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்வார்: "கிடைச்சா கிடைச்சதுதான். அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது. தேடவா?"

2017 நவம்பரில் ரிம்மா நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். சவ அடக்கத்துக்குப் பிறகு நடந்த விருந்தில், பிளீனி அப்பமும் பழக்கூழும் வைத்த மேசையின் ஓரத்தில் கபிதலீனா உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொன்னார்கள். கடின உழைப்பாளி, நேர்மையானவர், இப்படி. கபிதலீனாவின் முறை வந்தபோது அவர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"அவ என்னை மன்னிச்சாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றார். "கேட்டா, 'எதுக்குக் கேக்கறே?'ன்னு திருப்பிக் கேட்டிருப்பா."

மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெர்மிலிருந்து வந்திருந்த ரிம்மாவின் மகள்தான்.